நாட்பட்ட நுரையீரல் நோயும் ஆண் மலட்டுத்தன்மையும்

நாட்பட்ட நுரையீரல் நோயும் ஆண் மலட்டுத்தன்மையும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றினாலும், சில நோய்களில் இவை ஒரே காரணத்தின் இரு விளைவுகளாக அமைகின்றன. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், பிறவிக் குற்றிழை இயக்கக் குறைபாடு, யங் கூட்டறிகுறி ஆகிய மூன்றும் இவ்வகையில் முதன்மையானவை. இவற்றில் நுரையீரல் கெட்டுப்போவதால் இனப்பெருக்கத் திறன் குறைவதில்லை. மூச்சுக்குழாயைப் பாதிக்கும் அதே குறைபாடு விந்தணு செல்லும் பாதையையோ விந்தணுவின் வாலையோ தாக்குகின்றது. காசநோய், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் போன்றவற்றில் தொடர்பு வேறு வகையானது. அங்கு நோய்த்தொற்றின் பரவல், உயிர்வளிக் குறைவு, மருந்துகளின் பக்கவிளைவு முதலியன காரணங்களாகின்றன.

மலட்டுத்தன்மை என்பது ஆண்மைக்குறைவு அன்று என்பதை முதலிலேயே குறிப்பிடுதல் வேண்டும். கீழே விரிவாகக் கூறப்படும் மூன்று நோய்களிலும் பாலுணர்வு, உடலுறவுத் திறன், மீசை தாடி வளர்ச்சி ஆகியன பொதுவாக இயல்பாகவே இருக்கும். இதனாலேயே குறை ஆணிடம் இருக்கக்கூடும் என்ற ஐயம் குடும்பத்தாருக்கு எழுவதில்லை. மனைவி மட்டும் பல ஆண்டுகள் பரிசோதனைகளுக்கு உட்படுத்தப்படுவதும் உண்டு.

மூச்சுப் பாதையும் விந்துப் பாதையும்

மூச்சுக்குழாயின் உட்சுவரில் மெல்லிய சளிப்படலம் உள்ளது. மூச்சுடன் வரும் தூசும் நுண்ணுயிர்களும் அதில் ஒட்டிக்கொள்ளும். சுவரிலுள்ள உயிரணுக்களின் மேற்பரப்பில் மயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கும் குற்றிழைகள் ஓயாமல் அசைந்து, இச்சளியைத் தொண்டையை நோக்கி நகர்த்துகின்றன. சளி அளவுக்கு மீறித் தடித்தாலும், குற்றிழைகள் அசையாவிட்டாலும் சளி தேங்கிவிடும். தேங்கிய சளியில் நுண்ணுயிர்கள் பெருகும். மீண்டும் மீண்டும் வரும் தொற்றினால் மூச்சுக்குழாய்கள் தளர்ந்து நிலையாக விரிந்துவிடுவதை மூச்சுக்குழாய் விரிவு நோய் என்பர்.

விந்தகத்தில் உருவாகும் விந்தணு, வெளிக்காவு குழல்கள் வழியாக எபிடிடைமிஸ் என்னும் சுருள்குழலை அடைகின்றது. விந்தகத்தின் மேல் ஒட்டியிருக்கும் இக்குழலை நீட்டினால் சுமார் 6 மீட்டர் இருக்கும். விந்தணு அதில் முதிர்ச்சியடைந்து, பின்னர் விந்துநாளம் வழியாக மேலேறுகின்றது. ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையில் வெட்டிக் கட்டப்படுவது இந்த விந்துநாளமே. ஆக, இங்கும் குறுகிய குழல்கள் உள்ளன. அவற்றை அடைத்துவிடக்கூடிய சுரப்புகள் உள்ளன. வெளிக்காவு குழல்களில் குற்றிழைகளும் உள்ளன. விந்தணுவின் வாலோ அடிப்படை அமைப்பில் ஒரு நீண்ட குற்றிழையே ஆகும்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்

இந்நோயை ஒரு தனி நோயாக 1938 இல் விளக்கியவர் நியூயார்க்கைச் சேர்ந்த மருத்துவர் டோரத்தி ஆண்டர்சன். இறந்த குழந்தைகளின் கணையத்தில் கட்டிகளும் நார்த்திசுவும் காணப்பட்டதால் இப்பெயர் ஏற்பட்டது. 1948 இல் நியூயார்க்கில் வெப்ப அலை வீசியபோது, வெப்பத் தளர்ச்சியுடன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளுள் இந்நோயாளிகள் மிகுதியாக இருந்தனர். அதனைப் பின்தொடர்ந்த பால் டி சான்ட் ஆக்னீஸ், இவர்களின் வியர்வையில் உப்பு மிகுதியாக இருப்பதை 1953 இல் வெளியிட்டார். வியர்வைப் பரிசோதனை இன்றும் இந்நோயை உறுதிசெய்யப் பயன்படுகின்றது.

அக்காலத்தில் இந்நோயுடன் பிறந்த குழந்தைகளுள் பெரும்பாலோர் பள்ளி செல்லும் வயதை எட்டவில்லை. ஆகவே மலட்டுத்தன்மை பற்றிய கேள்வியே எழவில்லை. நுண்ணுயிர்க்கொல்லிகளாலும் கணைய நொதிகளாலும் சிறுவர்கள் இளைஞர்களாக வளரத் தொடங்கிய பின்னரே அவர்களது விந்து ஆராயப்பட்டது. அவர்களில் ஏறத்தாழ அனைவருக்கும் விந்தில் விந்தணு இல்லை என்பது 1968 இல் அமெரிக்க ஆய்வுகளால் தெரியவந்தது. இந்நோயுள்ள ஆண்களில் 97 முதல் 98 விழுக்காட்டினர் இயற்கை முறையில் தந்தையாக இயலாதவர்கள் என்று இப்போது கணக்கிடப்படுகின்றது. எஞ்சிய சிலர் இயல்பாகத் தந்தையாகக்கூடும் என்பதால், பரிசோதிக்காமல் எவருக்கும் கருத்தடை தேவையில்லை என்று சொல்லிவிடக் கூடாது.

இதற்குக் காரணமான மரபணு 7 ஆம் நிறப்புரியில் உள்ளது. லாப்-சீ சூயி, பிரான்சிஸ் காலின்ஸ், ஜான் ரியோர்டன் ஆகியோரின் குழுக்கள் 1989 இல் இதனைக் கண்டறிந்தன. சி.எஃப்.டி.ஆர் எனப்படும் இம்மரபணு 1480 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்தை ஆக்குகின்றது. உயிரணுச் சவ்வில் அமர்ந்து குளோரைடு, பைகார்பனேட்டு அயனிகளை வெளியே விடும் வாயில் இப்புரதமே. வாயில் சரிவர இயங்காதபோது நீரும் உடன் செல்லாது. சுரப்புகள் பிசின்போல் தடித்துவிடும். 508 ஆம் இடத்திலுள்ள ஃபீனைல்அலனின் விடுபட்டுப் போகும் எஃப்508டெல் என்னும் மாற்றமே உலகில் மிகுதியாகக் காணப்படுவது. எனினும் இந்திய நோயாளிகளிடம் இதன் பங்கு ஐரோப்பியரிடம் உள்ளதைவிடக் குறைவு. ஆகவே ஐரோப்பியருக்காக அமைக்கப்பட்ட மரபணுச் சோதனையில் எதுவும் தென்படவில்லை என்பதைக் கொண்டு இந்தியர் ஒருவருக்கு நோய் இல்லை என முடிவு செய்ய இயலாது.

விந்துநாளம் இல்லாமை

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள ஆண்களின் விந்தகங்கள் பெரும்பாலும் நன்றாகவே இயங்குகின்றன, விந்தணுக்களும் உருவாகின்றன. ஆனால் அவை வெளியேறும் வழி இல்லை. இருபுறத்து விந்துநாளங்களும் பிறவியிலேயே காணப்படுவதில்லை. கருவில் இக்குழல்கள் உருவான பின்னர், தடித்த சுரப்பினால் அடைபட்டுத் தேய்ந்து மறைந்துவிடுகின்றன என்பதே பெரிதும் ஏற்றுக்கொள்ளப்படும் விளக்கம். சி.எஃப்.டி.ஆர் குறைபாட்டை உடலில் மிகக் குறைந்த அளவிலேயே உணர்ந்துவிடும் உறுப்பு விந்துநாளம் எனலாம். நுரையீரலும் கணையமும் தாங்கிக்கொள்ளும் சிறு குறையைக்கூட இது தாங்குவதில்லை.

இதன் விளைவாக, வாழ்நாளில் நுரையீரல் நோய் எதையும் அறியாத ஓர் ஆண், குழந்தையின்மைக்காகப் பரிசோதனைக்கு வரும்போது விந்துநாளம் இல்லாதவர் எனத் தெரியவருவதுண்டு. மலட்டுத்தன்மை உள்ள ஆண்களில் 1 முதல் 2 விழுக்காட்டினர் இவ்வகையினர். இவர்களுள் பெரும்பாலோரிடம் சி.எஃப்.டி.ஆர் மரபணு மாற்றம் ஒன்றேனும் உள்ளது. ஒரு படியில் கடுமையான மாற்றமும் மறு படியில் 5டி எனப்படும் மென்மையான மாற்றமும் சேர்ந்திருத்தல் அடிக்கடி காணப்படும் இணை. இவர்களில் சிலருக்கு நெடுநாள் சைனஸ் தொல்லையோ அடிக்கடி வரும் மார்புச்சளியோ இருந்திருக்கும். எவரும் அவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள். விந்துநாளத்துடன் ஒரு சிறுநீரகமும் இல்லாதவர்களிடம் பொதுவாக இம்மரபணு மாற்றம் இருப்பதில்லை. அவர்களில் கருவளர்ச்சியின் தொடக்கத்திலேயே மூலக்குழல் உருவாகாமற் போயிருக்கும். எக்ஸ் நிறப்புரியிலுள்ள ஏ.டி.ஜி.ஆர்.ஜி2 என்னும் மரபணுவும் விந்துநாளம் இல்லாமைக்குக் காரணமாகலாம் என 2016 இல் கண்டறியப்பட்டது.

விந்துநாளம் வெட்டப்பட்டவருக்கும் பிறவியில் இல்லாதவருக்கும் விந்துப் பரிசோதனையில் ஒரு வேறுபாடு உண்டு. விந்து நீர்மத்தின் பெரும்பகுதி விந்துப்பைகளிலிருந்து வருகின்றது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை விந்துப்பைகளைத் தொடுவதில்லை. ஆகவே அதன்பின் நீர்மத்தின் அளவு ஏறத்தாழ முன்போலவே இருக்கும். பிறவிக் குறைபாட்டில் விந்துப்பைகளும் வளர்ச்சியற்றிருப்பதால் நீர்மத்தின் அளவு மிகக் குறையும். காரத்தன்மைக்கு மாறாக அமிலத்தன்மை காணப்படும். விந்துப்பை தரும் ஃபிரக்டோசு சர்க்கரையும் இராது.

2012 இல் ஐவகாஃப்டர், 2019 இல் எலெக்சாகாஃப்டர்-டெசாகாஃப்டர்-ஐவகாஃப்டர் கூட்டு மருந்து ஆகியவை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. குறைபாடுள்ள புரதத்தையே சீர்செய்யும் இம்மருந்துகள் நுரையீரல் நோயின் போக்கைப் பெரிதும் மாற்றியுள்ளன. எனினும் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்ட குழலை அவை மீட்பதில்லை. கருவிலேயே மருந்து கொடுத்தால் காக்க இயலுமா என்ற கேள்விக்கு, ஃபெர்ரட் என்னும் விலங்கில் 2019 இல் வெளியான ஆய்வொன்று ஆம் என விடையளித்தது. கருவுற்ற தாய் விலங்குக்கு ஐவகாஃப்டர் கொடுத்தபோது குட்டிகளின் விந்துநாளங்கள் காக்கப்பட்டன.

பிறவிக் குற்றிழை இயக்கக் குறைபாடு

இதயம் வலப்புறமும் கல்லீரல் இடப்புறமுமாக உள்ளுறுப்புகள் கண்ணாடிப் பிம்பம்போல் இடம்மாறியிருத்தல், சைனஸ் அழற்சி, மூச்சுக்குழாய் விரிவு ஆகிய மூன்றும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவதை 1904 இல் கீவ் நகர மருத்துவர் சீவர்ட் குறிப்பிட்டார். சுவிட்சர்லாந்தின் மானெஸ் கார்ட்டாஜெனர் 1933 இல் நான்கு நோயாளிகளைக் கொண்டு இதனை விளக்கியமையால் இது கார்ட்டாஜெனர் கூட்டறிகுறி எனப் பெயர்பெற்றது. இம்மூன்றையும் இணைப்பது எது என்பது நாற்பதாண்டுகளுக்கு மேல் விளங்கவில்லை. விடை நுரையீரல் மருத்துவத்திலிருந்து வரவில்லை. விந்தணுவிலிருந்து வந்தது என்பதே இவ்வரலாற்றின் சுவை.

சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் பியோர்ன் அஃப்சேலியஸ் என்னும் உயிரணுவியலாளர், ரோல்ஃப் எலியாசன் முதலியோருடன் சேர்ந்து, குழந்தையற்ற ஆண்களின் அசையாத விந்தணுக்களை எதிர்மின்னி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். இயல்பான விந்தணு வாலின் குறுக்குவெட்டில் நடுவே இரு தனி நுண்குழல்களும், அவற்றைச் சுற்றி ஒன்பது இரட்டை நுண்குழல்களும் தெரியும். ஒவ்வோர் இரட்டையிலிருந்தும் டைனீன் என்னும் புரதத்தாலான குறுங்கைகள் அடுத்த இரட்டையை நோக்கி நீளும். இக்கைகள் அடுத்த நுண்குழலைப் பற்றி இழுப்பதாலேயே வால் வளைகின்றது. இந்த ஆண்களின் விந்தணுக்களில் அக்கைகள் இல்லை. இம்முடிவு 1975 இல் வெளியாயிற்று. டென்மார்க்கிலும் அதே ஆண்டில் இதுபோன்ற கண்டுபிடிப்பு தனியே வெளிவந்தது. இவ்வாண்கள் சிறுவயது முதல் சளித்தொல்லை உடையவர்களாகவும், அவர்களுள் சிலர் உறுப்புகள் இடம்மாறியவர்களாகவும் இருந்தனர். மூச்சுக்குழாய்க் குற்றிழைகளிலும் அதே குறை இருப்பதை அஃப்சேலியஸ் 1976 இல் காட்டினார்.

கருவின் தொடக்கத்தில் உடலின் இட வல வேறுபாட்டை வகுப்பதும் குற்றிழைகளே என்று அவர் அப்போதே ஊகித்தார். ஜப்பானியரான ஹிரோகவாவின் குழு எலிக்கருவில் இதனை 1998 இல் மெய்ப்பித்தது. குற்றிழைகள் சுழன்று நீர்மத்தை ஒருபுறம் ஓடச்செய்வதால் இதயம் இடப்புறம் அமைகின்றது. அவை அசையாவிட்டால் பக்கம் தற்செயலாக முடிவாகும். நாணயத்தைச் சுண்டியது போன்ற இந்நிலையால், நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கே உறுப்புகள் இடம்மாறியிருக்கும். எஞ்சிய பாதியினரின் மார்பு ஊடுகதிர்ப் படத்தில் இதயம் உரிய இடத்திலேயே தெரிவதால் நோய் எளிதில் தவறவிடப்படுகின்றது.

இந்நோய்க்குக் காரணமாக ஐம்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இன்று அறியப்பட்டுள்ளன. எல்லா வகையிலும் விந்தணு ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. சில மரபணுக்கள் குற்றிழைக்கும் விந்தணு வாலுக்கும் பொதுவானவை. சில இடங்களில் விந்தணு தனக்கெனத் தனி டைனீனைப் பயன்படுத்துகின்றது. ஆகவே கடும் நுரையீரல் நோய் இருந்தும் இயற்கையாகத் தந்தையானவர்கள் உள்ளனர். இது சிஸ்டிக் ஃபைப்ரோசிசுக்கு நேர்மாறான நிலை: அங்கு விந்தணு நலமாக இருக்கும், வழி இராது, இங்கு வழி திறந்திருக்கும், விந்தணு நகராது.

நகராத விந்தணு இறந்த விந்தணு அன்று என்பது நடைமுறையில் மிக முதன்மையான செய்தியாகும். நீர்மத்தின் அளவும் விந்தணு எண்ணிக்கையும் இயல்பாக இருந்து அசைவு மட்டும் இல்லாத நிலையில், சாயமேற்றிப் பார்த்தால் பெரும்பாலானவை உயிருடன் இருப்பது தெரியும். அச்சோதனை செய்யப்படாமல் அனைத்தும் இறந்தவை என எழுதப்படும் ஓர் அறிக்கை, தம்பதியரை வேறொருவரின் விந்தணுவை நாடும் முடிவுக்குத் தேவையின்றித் தள்ளிவிடக்கூடும்.

யங் கூட்டறிகுறி

பிரித்தானிய அறுவை மருத்துவர் டொனால்ட் யங் 1970 இல் விளக்கிய இந்நோயில், சைனஸ் அழற்சியும் மூச்சுக்குழாய் விரிவும் உள்ள ஆண்களிடம் எபிடிடைமிஸ் தடித்த சுரப்பால் அடைபட்டிருக்கும். விந்துநாளம் இருக்கும், வியர்வை இயல்பாக இருக்கும், விந்தணு வாலின் அமைப்பிலும் குறை தென்படாது. 1970களிலும் 1980களிலும் பிரித்தானியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இது அடிக்கடி கண்டறியப்பட்டது, பின்னர் அரிதாகிவிட்டது.

இது ஏன் அரிதாயிற்று என்பதற்கு 1993 இல் ஹென்றியும் அவருடன் பணியாற்றியோரும் ஒரு விளக்கத்தை முன்வைத்தனர். முன்னாளில் பிரித்தானியாவில் பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்ட தூள்களில் கலோமெல் என்னும் பாதரசச் சேர்மம் இருந்தது. 1950களின் நடுவில் அது கைவிடப்பட்டது. அதன்பின் பிறந்த ஆண்களிடம் யங் கூட்டறிகுறி குறைவாகவே காணப்பட்டதால், குழந்தைப்பருவப் பாதரச நஞ்சே காரணமாகலாம் என அவர்கள் கருதினர். இது முற்றாக நிறுவப்பட்டதன்று. மரபணுச் சோதனைகளும் நுண்ணோக்கி ஆய்வும் மேம்பட்டமையால் முன்பு இப்பெயரில் அடக்கப்பட்ட சிலர் வேறு நோய்களுக்கு மாற்றப்பட்டிருக்கலாம் என்பதும் புறக்கணிக்கத்தக்கதன்று.

காசநோய்

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் உள்ளமையால் இந்திய வாசகர்களுக்கு இப்பகுதி நெருக்கமானது. நுரையீரலிலிருந்து குருதி வழியாகப் பரவும் காசநோய்க் கிருமி, ஆண் இனப்பெருக்க உறுப்புகளுள் எபிடிடைமிசையே மிகுதியாகத் தாக்குகின்றது. விந்துநாளம் தாக்கப்பட்டால் மணி கோத்த நூல்போல் கைக்குத் தட்டுப்படும். முறையான கூட்டுமருந்துச் சிகிச்சை கிருமியை அழித்துவிடும். ஆனால் ஆறிய தழும்பு குழலை அடைத்துவிடக்கூடும். இதனால் நோய் குணமான பின்னரும் மலட்டுத்தன்மை நீடிக்கலாம்.

காசநோய் மிகுந்த நாடுகளில் நீடித்த இருமல் அனைத்தையும் காசநோயாகவே கொள்ளும் போக்கும் உண்டு. சளியில் கிருமி ஒருமுறையேனும் காணப்படாமலேயே பலமுறை காசநோய் மருந்து உண்ட இளைஞருக்குக் குழந்தையும் இல்லையெனில், மேற்கூறிய பிறவி நோய்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பிற நுரையீரல் நோய்களும் மருந்துகளும்

புகைபிடித்தலால் பெரிதும் உண்டாகும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் நடுத்தர வயதுக்குப் பின்னரே மிகுதியாகத் தோன்றுவது. குருதியில் உயிர்வளி நெடுநாள் குறைந்திருப்பின் ஹைப்போதலாமசும் பிட்யூட்டரியும் விந்தகத்துக்கு அனுப்பும் தூண்டல் தளர்ந்து டெஸ்டோஸ்டீரோன் குறைகின்றது. உயர்ந்த மலைகளில் தங்கிய நலமான ஆண்களிடமும் விந்தணு எண்ணிக்கை தற்காலிகமாகக் குறைந்துள்ளது. புகையிலையும், வாய்வழி நெடுநாள் உட்கொள்ளும் ஸ்டீராய்டுகளும் இதனுடன் சேர்கின்றன. இங்கு விறைப்புக் குறைபாடும் அடிக்கடி காணப்படும். டெஸ்டோஸ்டீரோன் குறைவென அறிந்து அதையே ஊசியாகப் போட்டுக்கொள்வது குழந்தை வேண்டுவோருக்கு எதிர்விளைவைத் தரும். வெளியிலிருந்து வரும் இயக்குநீர் பிட்யூட்டரியை அடக்கி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும்.

நுரையீரல் நார்த்திசு நோய்கள் சிலவற்றுக்குத் தரப்படும் சைக்ளோபாஸ்பமைடு விந்தணு உற்பத்தியை நிலையாகவே கெடுக்கலாம். அதைத் தொடங்குமுன் விந்தணுவை உறைநிலையில் சேமித்து வைத்தல் நன்று. நுரையீரல் மாற்று அறுவைக்குப் பின் சிலருக்குத் தரப்படும் சிரோலிமஸ் விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும். மருந்தை மாற்றினால் பெரும்பாலும் மீளும். ஆஸ்துமாவுக்கான மூச்சிழுப்பு மருந்துகளைக் குழந்தைப் பேற்றை எண்ணித் தாமாகவே நிறுத்துவதற்குத் தக்க காரணம் இல்லை.

கண்டறிதல்

இத்துறையில் மிகப் பயனுள்ள சோதனை செலவே இல்லாதது. விதைப்பையில் விந்துநாளம் உறுதியான கயிறுபோல் விரல்களுக்குத் தட்டுப்படும். இருபுறமும் அது இல்லையெனில் நோய் அப்போதே தெரிந்துவிடும். விந்தகத்தை வெட்டிச் சோதிக்கத் தேவை எழாது. இதனைச் செய்யாமல் விலையுயர்ந்த சோதனைகளுக்கு அனுப்பப்படுவோர் உள்ளனர் என்பது வருந்தத்தக்கது. தொடர்ந்து வியர்வைச் சோதனை, சி.எஃப்.டி.ஆர் மரபணுச் சோதனை, சிறுநீரகங்களுக்கான மீயொலிப் படம் ஆகியவை செய்யப்படும். குற்றிழைக் குறைபாட்டில் மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு மிகக் குறைந்திருக்கும். எதிர்மின்னி நுண்ணோக்கியில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்குக் குறை தென்படாது என்பதால் மரபணுச் சோதனையும் தேவைப்படும்.

குழந்தைப் பேற்றுக்கான வழிகள்

1992 இல் பிரசெல்ஸ் நகரில் அறிமுகமான, ஒரே விந்தணுவை நுண்ணூசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை இந்நோயாளிகளின் நிலையை மாற்றியது. விந்துநாளம் இல்லாதவர்களிடம் எபிடிடைமிசிலிருந்தோ விந்தகத்திலிருந்தோ ஊசியால் விந்தணு எடுக்கப்படுகின்றது. குற்றிழைக் குறைபாட்டில், அசையாதவற்றுள் உயிருள்ளதைத் தெரிந்தெடுக்க அவற்றை அடர்த்தி குறைந்த கரைசலில் இடுவர். உயிருள்ள விந்தணுவின் வால் நீரை ஏற்று வீங்கிச் சுருளும். இறந்ததன் வால் அவ்வாறு சுருளாது.

இக்சிக்கு முன்னர் மரபியல் ஆலோசனை இன்றியமையாதது. சிஸ்டிக் ஃபைப்ரோசிசும் குற்றிழைக் குறைபாட்டின் பெரும்பாலான வகைகளும் ஒடுங்கு மரபுவழி நோய்கள். நோயுள்ள தந்தை குறைபாடுள்ள படியை ஒவ்வொரு குழந்தைக்கும் தருவார். மனைவியும் நோய்க்கடத்தியாக இருந்தால் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. வட ஐரோப்பிய மரபினரில் ஏறத்தாழ 25 பேரில் ஒருவர் சி.எஃப்.டி.ஆர் நோய்க்கடத்தியாவார்.

தமிழகத்தில் வழக்கிலுள்ள உறவுமுறைத் திருமணங்கள் இக்கணக்கை மாற்றுகின்றன. நோயுள்ள ஒருவர் தம் தாய்மாமன் மகளை மணந்தால், அப்பெண் அதே மரபணுவின் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு எட்டில் ஒன்று. நோயற்ற அக்காளின் மகளை மணந்தால் இவை முறையே மூன்றில் ஒன்றும் ஆறில் ஒன்றுமாக உயரும். அவருடைய பெற்றோரும் உறவினராக இருந்திருந்தால் வாய்ப்பு மேலும் கூடலாம். மனைவிக்கு முன்கூட்டியே மரபணுச் சோதனை செய்து, தேவையெனில் கருப்பைக்கு மாற்றுமுன் கருக்களைச் சோதித்து நோயற்றதைத் தெரிந்தெடுக்க இயலும்.